வேலையும் வாடகையும் சேர்ந்து நெருக்கும் வட்டாரங்களைத் திறந்த தரவை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: புதுவரைபடம்

வணக்கம். வாடகை கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்களுக்கு உதவும் ஒரு சிறிய தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். இதுவரை, கதவைத் தட்டி வருபவர்களுக்குத்தான் உதவி வருகிறோம். வருபவர்களில் பெரும்பாலோர் எங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள், இல்லையென்றால் தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள். தூரத்தில் இருப்பவர்கள், கேட்கக் கூச்சப்படுபவர்கள், இப்படி ஒரு உதவி இருப்பதே தெரியாதவர்கள் எல்லாம் விட்டுப்போகிறார்கள். ஆட்குறைப்பு வரும் காலத்தில் முதலில் அடிபடப்போவது யார், அவர்கள் எந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் நாங்களே போய் நிற்கலாம்.

அதற்காக மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து சிறு வட்டார அளவில் மூன்று பத்திகள் (அட்டவணையின் நெடுவரிசைகள்) எடுத்தேன்: வேலையின்மை விகிதம், வருமானத்தில் வாடகையின் பங்கு, வாடகைக்கு இருப்பவர்களின் சதவீதம். மூன்றையும் எக்செல்லில் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, சராசரி எடுத்து, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வண்ணம் தீட்டினேன். முதலிடத்தில் வந்தது பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதி. இரண்டாமிடத்தில் ஆளே அதிகம் இல்லாத ஒரு தொழிற்பேட்டைப் பகுதி. குழுவில் இருப்பவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

எந்தப் பத்திகளை எடுக்க வேண்டும்? எதற்கு எவ்வளவு எடை? ஒரே எண்ணில் அடக்குவதே சரியா? இன்னொன்றும் உண்டு. குழுவில் ஒருவர், "இந்த வரைபடத்தை வெளியே போட்டால் அந்த மக்களுக்கே கெடுதல் வராதா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: எண்ணோடுஎண்

புதிதாகச் செய்வதற்கு முன் ஏற்கெனவே செய்து வைத்திருப்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிடும் சமூகப் பாதிப்புநிலைக் குறியீடு 16 காரணிகளை நான்கு தலைப்புகளில் சேர்த்து, ஒவ்வொரு சிறு வட்டாரத்துக்கும் தரவரிசை தருகிறது. இங்கிலாந்தில் பலவகை வறுமைக் குறியீடு ஏழு துறைகளைக் கொண்டது. அதன் 2019 பதிப்பில் வருமானத்துக்கும் வேலைக்கும் தலா 22.5 சதவீத எடை. வீட்டு வசதியும் சேவைகளும் சேர்ந்த துறைக்கு 9.3 சதவீதம்தான். ஆஸ்திரேலியாவில் வட்டாரங்களின் சமூக-பொருளாதார நிலையைக் காட்டும் சீஃபா என்று நான்கு குறியீடுகள் உண்டு.

இவற்றின் விளக்கக் கையேடுகளைப் படித்தாலே எந்தப் பத்தி ஏன் உள்ளே வந்தது என்பது புரிந்துவிடும். இவை எல்லாமே ஒப்பீட்டுத் தரவரிசைகள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நூறாவது இடத்தில் இருக்கும் வட்டாரம் இருநூறாவது இடத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்கு மோசம் என்று அர்த்தம் கிடையாது.

பதில்: கீழ்வீட்டுஜன்னல்

வாடகை நிவாரணம் கொடுக்கும் ஒரு திட்டத்தில் பல வருடங்கள் தரவுப் பக்கம் வேலை பார்த்தவள் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே நண்பர் சொன்ன குறியீடுகள் நல்லவை. ஆனால் அவை பொதுவான வறுமையைச் சொல்பவை. நீங்கள் கேட்பது வேறு: இன்று சமாளித்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டில் ஒரு சம்பளம் நின்றால், அடுத்த மாத வாடகை என்ன ஆகும்? ஏற்கெனவே விழுந்தவர்களும் விழும் விளிம்பில் நிற்பவர்களும் எப்போதும் ஒரே வட்டாரத்தில் இருப்பதில்லை.

முதலில் அந்தச் சராசரியைக் கைவிடுங்கள். வேலை நெருக்கடியில் 90, வாடகை நெருக்கடியில் 10 வாங்கிய வட்டாரமும், இரண்டிலும் 50 வாங்கிய வட்டாரமும் சராசரியில் ஒன்றாகிவிடும். முதல் வட்டாரத்தில் பலர் கடன் முடிந்த சொந்த வீட்டில் இருக்கலாம். அவர்களுக்குத் தேவை வேலை தேடும் உதவி. வாடகை உதவியோடு நீங்கள் அங்கே போய் நின்றால் பயனில்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றையும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றாகப் பிரித்தால் ஒன்பது கட்டங்கள் வரும். இரண்டிலும் அதிகம் என்று வரும் கட்டம்தான் நீங்கள் தேடுவது. எடை எவ்வளவு என்ற சண்டையும் பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

பல்கலைக்கழகப் பகுதி மேலே வந்ததில் ஆச்சரியம் இல்லை. மாணவர்களுக்குக் கணக்கில் வருமானம் ஏறக்குறைய பூஜ்யம், வாடகையோ முழு வாடகை. வீட்டிலிருந்து வரும் பணம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. அதனால் வாடகைச் சுமை விகிதம் எகிறிவிடும். குடும்பத் தலைவரின் வயதோடு சேர்த்து வாடகைச் சுமையைத் தரும் அட்டவணை இருக்கிறதா என்று தேடுங்கள். அமெரிக்க சமூக ஆய்வில் (அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் மாதிரி ஆய்வு) பி25072 என்ற அட்டவணை அப்படிப்பட்டது. அதில் 15 முதல் 24 வயதுப் பிரிவைக் கழித்துவிட்டுப் பார்க்கலாம். உண்மையிலேயே கஷ்டப்படும் மாணவர்களும் உண்டு. அவர்களுக்குத் தனி வழி வேண்டும், இந்த வரைபடம் போதாது. தொழிற்பேட்டைப் பகுதி விஷயம் இன்னும் எளிது. சதவீதத்தோடு எண்ணிக்கையையும் பாருங்கள். 50 வீடுகளில் 60 சதவீதம் என்றால் 30 குடும்பம். 2000 வீடுகளில் 25 சதவீதம் என்றால் 500 குடும்பம். சதவீதத்தை மட்டும் வைத்து வண்ணம் தீட்டினால் அந்த 500 குடும்பங்கள் வெளிறிய நிறத்தில் காணாமல் போய்விடும்.

இனி வேலை. வேலையின்மை விகிதம் உங்கள் தேவைக்குப் பலவீனமான பத்தி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுத்த வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்தாலே அவர் வேலையில் இருப்பவர். தேடித் தேடிச் சலித்துப்போய்த் தேடுவதையே விட்டவர் வேலையற்றவர் கணக்கில் வரமாட்டார். அதைவிடப் பெரிய சிக்கல், அது நடந்து முடிந்ததைச் சொல்வது. உங்களுக்குத் தேவை இனி நடக்கக்கூடியது. அதற்கு வழி, அந்த வட்டாரத்தில் வசிப்பவர்கள் எந்தத் தொழில்களில் இருக்கிறார்கள் என்று பார்ப்பது.

வசிப்பவர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் வரைபடம் தலைகீழாவது இந்த இடத்தில்தான். வேலைவாய்ப்புத் தரவு பெரும்பாலும் நிறுவனம் இருக்கும் முகவரியில் பதிவாகும். வாடகை நெருக்கடி ஆள் தூங்கும் முகவரியில் நடக்கும். ஓட்டல் சமையல்காரர், கடையில் கல்லாவில் நிற்பவர், அலுவலகம் துடைப்பவர், இவர்களில் பலர் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வாடகை கொடுக்க முடியாதவர்கள். வேலையிடத்தை வைத்து வரைந்தால் நகரின் மையம் முழுக்கச் சிவக்கும். அதே வேலைகளை அவர்கள் வசிக்கும் இடத்தை வைத்து வரைந்தால், பேருந்துத் தடத்தின் கடைசியில் இருக்கும் குடியிருப்புகள் சிவக்கும்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வெளியிடும் லோட்ஸ் என்ற தரவில் இரண்டும் தனித்தனிக் கோப்புகளாகக் கிடைக்கின்றன. தெருக்கட்டம் அளவுக்கு, 20 தொழில்துறைகளாகப் பிரித்து, மாத ஊதியத்தை மூன்று படிகளாக வைத்துத் தருகிறார்கள். 2020இல் கோவிட் ஊரடங்கின்போது அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் இதை வைத்துத்தான் குறைந்த ஊதிய வேலை இழப்பு எந்தெந்த வட்டாரங்களில் விழும் என்று மதிப்பிட்டது. தொழில்வாரியாக எவ்வளவு வேலை போகிறது என்ற மதிப்பீட்டை எடுத்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் அந்தத் தொழிலில் இருப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிட்டார்கள். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும், நீங்களும் செய்யலாம். குறை என்னவென்றால், அந்தத் தரவு சில வருடம் பின்தங்கியே வரும். சுயதொழில் செய்பவர்கள் அதில் இல்லை. வண்டி ஓட்டிப் பிழைப்பவர், வீட்டுவேலைக்குப் போகிறவர் எல்லாம் அதில் அனேகமாகத் தெரியமாட்டார்கள். அவர்களுக்குக் கணக்கெடுப்பின் தொழில் அட்டவணைதான் கதி.

வாடகைப் பக்கம். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் போனால் சுமை, 50க்கு மேல் போனால் கடும் சுமை என்பது பல இடங்களில் பழக்கத்தில் இருக்கும் அளவு. ஆஸ்திரேலியாவில் இதைக் கொஞ்சம் செம்மைப்படுத்தி 30/40 என்று வைத்திருக்கிறார்கள்: வருமானத்தில் கீழ் 40 சதவீதத்தில் இருக்கும் குடும்பம், 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குக் கொடுத்தால்தான் நெருக்கடி. அந்தக் கீழ் 40 என்ற நிபந்தனை இல்லையென்றால், வசதியாக இருந்து பெரிய வீடு எடுத்தவரும் உங்கள் பட்டியலில் வந்துவிடுவார். இன்னொரு முறை, வாடகை போக மீதி எவ்வளவு என்று பார்ப்பது. ஒரு குடும்பம் 35 சதவீதம் கொடுத்துவிட்டு மீதியில் நிம்மதியாக இருக்கும். இன்னொன்று 28 சதவீதம்தான் கொடுக்கும், ஆனால் மீதியில் ஆறு பேர் சாப்பிட வேண்டும். விகிதத்தைப் பார்த்தால் இரண்டாவது வீடு பாதுகாப்பானது போலத் தெரியும்.

இதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் மனதை அறுக்கும். ஒரு வட்டாரத்தில் வாடகைச் சுமை குறைந்திருக்கிறது என்றால் நல்லது நடந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். பல நேரம் உண்மை வேறு: சுமை தாங்காதவர்கள் வெளியேறிவிட்டார்கள், அல்லது இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாடகையைப் பங்கு போடுகின்றன. அதனால் ஓர் அறைக்கு ஒருவருக்கு மேல் இருக்கும் வீடுகள் எவ்வளவு என்ற பத்தியைக் கூடவே வைத்துப் பாருங்கள். சுமை இறங்கி நெரிசல் ஏறியிருந்தால் அது தப்பித்த வட்டாரம் அல்ல.

போக்குவரத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேகோ டாட்ஸன், நீல் சைப் இருவரும் 2006இல் வேம்பயர் என்ற குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். வீட்டுக் கடன், கார் சார்பு, வருமானம் மூன்றையும் சேர்த்து, பெட்ரோல் விலையும் வட்டியும் ஏறினால் எந்தப் புறநகர் அடிபடும் என்று காட்டினார்கள். பொதுப் போக்குவரத்து எட்டாத வெளிப் புறநகர்கள்தான் அதிகம் சிவந்தன. வாடகை குறைவு என்று தூரம் போனவர், வேலை போனால் அடுத்த வேலை தேடவும் வண்டியும் பெட்ரோலும் வேண்டிய நிலையில் இருக்கிறார்.

பதில்: பிழைவரம்பு

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். புள்ளியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் எச்சரிக்கை.

சிறு வட்டார எண்கள் பல நேரம் மாதிரி ஆய்விலிருந்து வருபவை. அமெரிக்க சமூக ஆய்வில் சிறு வட்டாரங்களுக்குக் கிடைப்பது ஐந்து வருடத் தொகுப்பு மதிப்பீடு மட்டுமே. ஒரு வருட மதிப்பீடு 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 90 சதவீத நம்பகத்தோடு பிழை வரம்பு கொடுத்திருப்பார்கள். உதாரணத்துக்கு, கடும் சுமை 22 சதவீதம், பிழை வரம்பு 14 என்று இருந்தால் உண்மை 8 முதல் 36 வரை எங்கேயும் இருக்கலாம். அதை ஏழாவது இடம், பதினோராவது இடம் என்று வரிசைப்படுத்துவதில் பொருள் இல்லை. பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களைச் சேர்த்துப் பெரிதாக்கினால் வரம்பு குறையும். ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடையும் மாறும். இரண்டு மூன்று விதமாகச் சேர்த்துப் பாருங்கள். எப்படிச் சேர்த்தாலும் மேலே வரும் வட்டாரங்களை நம்பலாம்.

கணக்கெடுப்பு நாளையும் கவனியுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பு 2021 மார்ச் 21இல் நடந்தது, பொதுமுடக்கக் கட்டுப்பாடுகளின் நடுவில். வேலைக்குப் போகும் தூரம், வழி பற்றிய அதன் எண்களைச் சாதாரண வருடத்தின் எண்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தனியுரிமைக்காகச் சிறிய எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றி வெளியிடும் வழக்கமும் உண்டு. ஒரு கட்டத்தில் 3 என்று இருந்தால் அதன்மேல் எதையும் கட்டாதீர்கள்.

அப்புறம், வட்டாரத்துக்கு உண்மையாக இருப்பது ஆளுக்கு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950இல் இதைக் காட்டினார். அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பில், மாநில அளவில் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் உள்ள இடங்களில் எழுத்தறியாதவர்கள் குறைவு. ஒட்டுறவு (இரண்டு எண்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை -1 முதல் +1 வரை சொல்லும் அளவு) கழித்தல் 0.53. ஆள்வாரியாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறியாமை கொஞ்சம் அதிகம், கூட்டல் 0.12. குறியே மாறிவிட்டது. வேலை இழப்பும் அதிகம், வாடகைச் சுமையும் அதிகம் என்று ஒரு வட்டாரம் காட்டினாலும், இரண்டும் ஒரே வீட்டில் நடக்கின்றனவா என்பதை அந்த அட்டவணை சொல்லாது. பெயர் நீக்கிய தனிநபர் மாதிரிக் கோப்புகள் கிடைத்தால், பெரிய பரப்பு அளவிலாவது அந்தப் பொருத்தத்தைச் சரிபார்க்கலாம்.

கேட்டவர்: புதுவரைபடம்

எல்லாருக்கும் மிக்க நன்றி. கீழ்வீட்டுஜன்னல் அக்கா, வசிக்கும் இடம், வேலை செய்யும் இடம் என்று நீங்கள் பிரித்துச் சொன்னதுதான் எனக்குப் பெரிய திறப்பு. ஆனால் லோட்ஸ் போல எதுவும் எனக்குக் கிடைக்கும் தரவில் இல்லை. பழைய கணக்கெடுப்பில் வசிப்பவர்களின் தொழில் அட்டவணை மட்டும் இருக்கிறது. வெளியிடுவது பற்றிய கேள்வியும் அப்படியே நிற்கிறது.

பதில்: கீழ்வீட்டுஜன்னல்

அந்தப் பழைய அட்டவணை போதும். ஒரு வட்டாரத்தின் தொழில் கலவை பொதுவாக மெதுவாகத்தான் மாறும். கட்டுமானத் தொழிலாளர்கள் அதிகம் வசித்த இடத்தில் சில வருடம் கழித்தும் அவர்கள்தான் அதிகம் இருக்க வாய்ப்பு. நாடு முழுவதுக்குமோ மாநிலத்துக்குமோ தொழில்வாரி வேலை எண்ணிக்கை மாதாமாதம் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை வரும். பழைய கலவையைப் புதிய மாற்றத்தால் பெருக்குங்கள். கட்டுமானத்தில் வேலை 10 சதவீதம் குறைந்திருந்தால், அந்த வட்டாரத்துக் கட்டுமானத் தொழிலாளர்களிலும் 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது. துல்லியமாக இருக்காது. முதலில் எந்தத் தெருவுக்குப் போவது என்று முடிவெடுக்க அந்தத் துல்லியம் தேவையும் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை: பெரிய குடியிருப்பு இடிக்கப்பட்டோ புதிதாகக் கட்டப்பட்டோ இருந்தால் அந்த வட்டாரத்தைத் தனியாக வையுங்கள். அங்கே பழைய கலவை செல்லாது.

பிழைவரம்பு சொன்ன அந்த வீட்டுக்குள் பொருத்தம் பற்றி எனக்கும் கவலை உண்டு. அதற்கு உங்கள் கையிலேயே ஒரு தரவு இருக்கிறது, நீங்கள் அதை எண்ணவே இல்லை: உங்களிடம் உதவி கேட்டு வந்தவர்களின் பதிவேடு. வந்தவர்களை வட்டாரவாரியாக எண்ணி, வரைபடத்தின் மேல் வையுங்கள். நெருக்கடி அதிகம் என்று தரவு சொல்கிறது, அங்கிருந்து நிறையப் பேர் வந்திருக்கிறார்கள் என்றால் சரி, தரவும் நடப்பும் ஒத்துப்போகின்றன. தரவு நெருக்கடி இல்லை என்கிறது, ஆனால் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றால், எந்தத் தொழிலில் இருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் பத்திகளில் இல்லாத ஏதோ அங்கே நடக்கிறது. தரவு நெருக்கடி அதிகம் என்கிறது, ஒருவர்கூட வரவில்லை என்றால், நீங்கள் முதல் கேள்வியில் தேடிய ஆட்கள் அனேகமாக அங்கேதான் இருக்கிறார்கள். நாங்கள் திட்டத்தில் முதலில் ஆள் அனுப்பியதெல்லாம் இந்த மூன்றாவது வகை வட்டாரங்களுக்குத்தான். போன இடங்களில் பாதி நேரம் காரணம் கண்ணெதிரே இருக்கும்: விண்ணப்பம் அவர்கள் படிக்கும் மொழியில் இல்லை, அலுவலக நேரம் அவர்கள் வேலை நேரம், வாடகை ரசீதே இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருக்கிறார்கள், அதனால் கேட்ட சான்று எதுவும் கொடுக்க முடியாது. இதில் ஒன்றுகூட எந்தத் திறந்த தரவிலும் வராது.

வெளியிடுவது பற்றி உங்கள் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. 1930களில் அமெரிக்காவின் ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன் என்ற அரசு வீட்டுக்கடன் நிறுவனம் 200க்கும் மேற்பட்ட நகரங்களை ஏ முதல் டி வரை தரம் பிரித்து வரைபடம் போட்டது. டி என்றால் சிவப்பு, கடன் கொடுக்க ஆபத்தான இடம். கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரங்கள் பெரும்பாலும் அந்தச் சிவப்பில்தான் விழுந்தன. உங்கள் சிவப்பு உதவிக்கான சிவப்பு. ஆனால் வரைபடத்தைப் பார்க்கும் வீட்டுத் தரகருக்கோ கடன் கொடுப்பவருக்கோ அந்த வித்தியாசம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. வாடகை தவறக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று அவர் படித்துக்கொள்வார்.

அதனால் என் கருத்து: நுணுக்கமான வரைபடம் குழுவுக்குள் இருக்கட்டும். நன்கொடையாளருக்கும் அரசு அலுவலகத்துக்கும் காட்டுவது பெரிய பரப்பாகச் சேர்த்த வடிவமாக, எத்தனை குடும்பம் என்ற எண்ணிக்கையோடு இருக்கட்டும். தலைப்பில் "பாதிப்புக்குள்ளாகும் மக்கள்" என்று எழுதுவதைவிட "வாடகை உதவி இன்னும் போய்ச்சேராத இடங்கள்" என்று எழுதுங்கள். குறை உதவியின் பக்கம் இருக்கிறது என்பது பார்த்த உடனே தெரியட்டும். பதிவேட்டிலிருந்து வரும் எண்கள், எவ்வளவு சேர்த்தாலும், வெளியே வேண்டாம். ஒரு தெருவில் இரண்டே பேர் உதவி வாங்கியிருந்தால் அக்கம்பக்கத்தில் யார் என்று சொல்லிவிடுவார்கள்.

வெளியே காட்டுவதற்கு முன் அந்த வட்டாரத்தில் இருப்பவர்களிடம் காட்டுங்கள். பள்ளி அலுவலகத்தில் இருப்பவர், சுகாதார நிலையச் செவிலியர், வாடகைதாரர் சங்கம் இருந்தால் அவர்கள். "இது சரியா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். "இந்த வருடம் நடுவிலேயே பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் எந்தப் பக்கம் அதிகம்?" என்று கேளுங்கள். விரலை வைத்துக் காட்டுவார்கள். வீடு மாறினால் பிள்ளையின் பள்ளியும் மாறும், அது அவர்கள் கண்ணில் உடனே படும்.

பதிவேட்டில் முகவரி முழுதாக இல்லாவிட்டால் கவலை வேண்டாம். இனி வருபவர்களிடம் வட்டார எண், பார்த்த வேலை, எப்போது நின்றது, வாடகை எத்தனை மாதம் பாக்கி என்ற நான்கை மட்டும் கேட்டு எழுதத் தொடங்குங்கள். பெயரைத் தனிக் கோப்பில் வையுங்கள். கொஞ்சம் சேர்ந்ததும் இங்கே வந்து சொல்லுங்கள், வரைபடத்தோடு எப்படிப் பொருத்துவது என்று சேர்ந்து பார்ப்போம்.